பைட்டோலித் என்னும் தாவரக்கல்

நெல்லின் இலையை அடியிலிருந்து நுனி நோக்கி நீவினால் விரல் வழுக்கிச் செல்லும். நுனியிலிருந்து அடி நோக்கி நீவினால் அரத்தில் தேய்த்ததுபோல் அரிபடும். இலை விளிம்பில் நுனி நோக்கிச் சாய்ந்திருக்கும் அந்த நுண்முட்களைச் சுணை என்கிறோம். சுணைக்கு வன்மை தருவது அதில் படிந்துள்ள சிலிக்கா; அது சிலிக்கான் என்னும் தனிமமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். தாவரத்தின் உயிரணுக்களிலும் அவற்றின் சுவர்களிலும் இவ்வாறு சிலிக்கா படிந்து இறுகி உருவாகும் நுண்துகளுக்குப் பைட்டோலித் என்று பெயர்.

கிரேக்க மொழியில் பைட்டோன் என்றால் தாவரம், லித்தோஸ் என்றால் கல். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் எரென்பெர்க் இத்துகள்களைப் பைட்டோலித்தாரியா எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். பீகிள் கப்பலில் கேப் வெர்ட் தீவுகளருகே சார்லஸ் டார்வின் சேகரித்த தூசியிலும் எரென்பெர்க் இவற்றைக் கண்டார். சிலிக்கா என்பதன் வேரோ சிலெக்ஸ் என்னும் லத்தீன் சொல். அது நாம் சிக்கிமுக்கி என்று சொல்லும் கல்லைக் குறிப்பது. அக்கல்லின் பெயரிலிருந்து, சிலிக்காவில் உள்ள தனிமத்துக்கு வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1808இல் சிலிசியம் என்ற பெயரை முன்மொழிந்தார். அது உலோகமன்று என்று கருதிய தாமஸ் தாம்சன், கார்பன், போரான் ஆகியவற்றோடு ஒத்திசைய 1817இல் அதனைச் சிலிக்கான் ஆக்கினார்.

சிலிக்கானுக்கு மணலியம், மண்ணியம் என்ற ஆக்கங்கள் தமிழில் உண்டு. தனிமத்துக்கு அவை பொருந்தலாம். ஆனால் பயிருக்குள் இருப்பதை மணல் என்றால் பொருள் பிறழ்ந்துவிடும். மணலில் பெரும்பான்மை படிகமான குவார்ட்ஸ். பயிரில் படிவதோ படிக ஒழுங்கற்ற, நீரைத் தன்னுள் கொண்ட ஓப்பல் வகைச் சிலிக்கா. வேர் மணலை உறிஞ்சுவதில்லை. மண்நீரில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தையே உறிஞ்சுகிறது. நெல்வேரின் உயிரணுக்களில் வெளிப்புறமாக அமைந்த ஒரு புரதம் அதனை உள்ளே விடுகிறது, உட்புறமாக அமைந்த மற்றொரு புரதம் அதனைத் தண்டை நோக்கி வெளியேற்றுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006, 2007ஆம் ஆண்டுகளில் இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். இலையிலும் உமியிலும் நீர் ஆவியாகப் போக, எஞ்சிய அமிலம் செறிந்து கூழாகிப் பின் இறுகுகிறது. ஒருமுறை இறுகியது பயிரின் வேறு பகுதிக்கு மீண்டும் செல்வதில்லை. நெல்லின் தண்டிலும் இலையிலும் உலர் எடையில் 10 விழுக்காடு வரை சிலிக்கா சேரக்கூடும். பயிர் சாயாமல் நிற்பதிலும் குலைநோயைத் தாங்குவதிலும் இதற்குப் பங்குண்டு.

இனிப் பைட்டோலித்துக்கு உரிய தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடப்பது கல்மரம்; மரம் மடிந்து புதைந்த பின், நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா அதனுள் ஊறிக் கல்லாக்கியது. அங்கே மரமே கல்லாயிற்று. பைட்டோலித்திலோ உயிருள்ள தாவரம் தனக்குள் கல்லை ஆக்கிக்கொள்கிறது. ஆகவே சொற்களின் வரிசை மாற வேண்டும்: கல் பின்னால் வர, தாவரக்கல் என்க. சிறுநீரகக்கல், பித்தப்பைக்கல் என்று உடலுக்குள் கரைசலிலிருந்து திரண்டு இறுகுவதை நாம் இந்த முறையில்தான் சொல்கிறோம். அவை நோய், இது பயிருக்குக் காப்பு என்ற வேறுபாடு சொல்லமைப்பைப் பாதிப்பதில்லை. பயிர்க்கல் என்பது காதுக்கு இனிது, எனினும் காட்டுப்புல்லிலும் மரங்களிலும் இத்துகள் உண்டாதலால் அது குறுகிய சொல். தாவரம் வடசொல் என்று கருதுவோர் நிலைத்திணைக்கல் எனலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் உடனே விளங்குவது தாவரக்கல் என்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இப்பொருள் தமிழருக்குப் புதிதன்று. நெல்லைப் போலவே புல்லினத்தைச் சேர்ந்த மூங்கிலின் கணுவிடையில் திரளும் சிலிக்கா, சித்த மருத்துவத்தில் மூங்கிலுப்பு எனப்படுகிறது. சித்த மருத்துவ வழக்கில் உப்பு என்பது கறியுப்பை மட்டும் குறிப்பதன்று. பேட்ரிக் ரஸ்ஸல் இந்தியாவிலிருந்து அனுப்பிய மூங்கிலுப்பை லண்டனில் ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆராய்ந்து, அது சிலிக்காவை ஒத்தது என 1791இல் வெளியிட்டார். பல் துலக்கிய உமிக்கரியின் தேய்க்கும் திறனும் சிலிக்காவினாலேயே அமைவது. அந்த உமியை வெளுக்கும்வரை எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, சிலிக்கா. ஆயினும் இதனைச் சாம்பல் சத்து என்று எழுதிவிடக் கூடாது. உழவர் வழக்கில் அச்சொல் பொட்டாசியத்துக்கு உரியது. சிலிக்கா சத்து என்றே எழுதுவது குழப்பம் தராது.

துகள்களின் வடிவங்களுக்கு நல்ல பெயர்கள் நம்மிடமே இருக்கின்றன. நெல்லிலையின் நீளத்துக்குக் குறுக்காக வரிசையில் கிடக்கும், இரு முனையும் அகன்று இடை சுருங்கிய தாவரக்கல்லுக்கு உடுக்கை வடிவம் என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இலை சுருளவும் விரியவும் உதவும் பெரிய உயிரணுக்களில் உருவாவது விசிறி வடிவம். உமியின் மேற்பரப்பில் உருவாவது இரட்டை முகடு. இலையும் மணியும் மக்கிப்போன பழைய மண்ணிலும் இவ்வடிவங்கள் அழியாமல் கிடப்பதால், சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையில் நெல் வேளாண்மையின் தொடக்கத்தைத் தேடும் தொல்லியலார் நுண்நோக்கியில் இவற்றையே பார்க்கிறார்கள்.