நாயின் காது தாளிப்புக் கரண்டி அல்ல

தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஏழாவது காது. நேற்று வந்தது ஒரு காக்கர் ஸ்பேனியல், மூன்று வயதுப் பெண் நாய். கிளினிக்கின் கதவைத் திறந்ததுமே பூண்டு வாசம் அடித்தது. பக்கத்து மெஸ்ஸில் இருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். நாயிடம் இருந்துதான் வந்தது.

“நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டுல மூணு சொட்டுங்க டாக்டர். காலையும் சாயங்காலமும் பத்து நாளா விடறோம். தலைய ஆட்டறது நின்னுபோச்சு, இப்ப நாத்தம் மட்டும்தானுங்க” என்றார் அந்தம்மா. சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்னால், சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போய் வந்த அன்றைக்கே என்றார். எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டேன். “பக்கத்துல சைட் போட்டு விட்டிருக்காங்களே, அங்கதானுங்க.” அவ்வளவுதான், மீதிக் கதை எனக்குத் தெரிந்துவிட்டது.

மயக்க ஊசி போட்டு, காதில் இருந்த எண்ணெயையும் சீழையும் கழுவி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம்தான் உள்ளே எதையாவது பார்க்க முடிந்தது. அடியில், செவிப்பறையைக் குத்திக்கொண்டு ஒரு ஊசிப்புல் விதை இருந்தது. அதை எடுத்த பிறகு இன்னொன்றும் இருந்தது. ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கருவியைக் கீழே வைத்துவிடக் கூடாது, அடுத்த காதையும் பார்க்காமல் நாயை எழுப்பக் கூடாது என்பது நான் வேலைக்கு வந்த புதிதில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம்.

இந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோவைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காலி மனைகளில் எல்லாம் புல் இடுப்பளவு எழும்பும். மார்கழி வந்தால் காய்ந்து வைக்கோல் நிறமாகி விதையை உதிர்க்கத் தயாராக நிற்கும். நடந்து வந்தால் வேட்டியிலும் சாக்ஸிலும் குத்திக்கொண்டு வருமே, அதுதான். ஊசிப்புல் என்பார்கள், ஒட்டுப்புல் என்பார்கள், ஊருக்கு ஒரு பெயர், வகையும் ஒன்றல்ல. எல்லாப் புல்லையும் குறை சொல்லவில்லை, கொழுக்கட்டைப் புல் போன்றவை மாட்டுக்கு அருமையான தீனி. ஊசிப்புல் விதை வேறு ரகம். நுனி கூர்மையாக இருக்கும். அதை ஒட்டி, பின்பக்கம் பார்த்துச் சாய்ந்த நுண்ணிய முடிகள். பின்னால் முறுக்கிய ஒரு வால். ஈரம் பட்டால் அந்த வால் முறுக்கவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும், அந்தச் சுழற்சியிலேயே விதை மண்ணுக்குள் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். யாரும் விதைக்காமல் தன்னைத் தானே நட்டுக்கொள்கிற புல் அது. மண் என்று நினைத்து உங்கள் நாயின் காதிலும் அதே வேலையைச் செய்கிறது. ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரோமத்துக்குள் புகுந்து தோலைக் குத்துகிற இந்த விதையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உள்ளே போனது தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். வராது. அந்த முடிகள் ஒரே திசையைப் பார்த்து இருக்கின்றன என்று மேலே சொன்னேன். விதைக்கு முன்னால் போகத்தான் தெரியும், பின்னால் வரத் தெரியாது. நாய் தலையை ஆட்ட ஆட்ட உள்ளே போகும். எண்ணெய் விட்டு வழவழப்பாக்கினால் இன்னும் சௌகரியமாக உள்ளே போகும். அது மட்டுமில்லை, நாயின் காது நம் காது போல இல்லை. நமக்குக் காதுத் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாய்க்கு முதலில் கீழ்நோக்கி ஒரு கிணறு போல இறங்கி, அடியில் போய் உள்பக்கம் திரும்புகிறது. அந்த மூலையைத் தாண்டித்தான் செவிப்பறை. கிணற்றுக்குள் விட்ட எண்ணெய் எங்கே போகும்? அங்கேயே தேங்கி நிற்கும். தொங்கும் காது மூடி போட்ட மாதிரி மேலே கவிழ்ந்திருக்கும், காற்றே போகாது. நாயின் காதில் இயல்பாகவே கொஞ்சம் ஈஸ்ட் இருக்கும், மலசீசியா என்று பெயர். அதற்குக் கொழுப்பு என்றால் கொள்ளை ஆசை. கதகதப்பு, ஈரம், இருட்டு, போதாததற்கு நல்லெண்ணெய். விருந்து வைத்துவிட்டு, நாற்றம் அடிக்கிறது என்று என்னிடம் வருகிறீர்கள்.

“எங்க பாட்டி எங்களுக்கே விட்டிருக்காங்களே” என்று அடுத்த வாதம் வரும். எங்கள் பாட்டியும்தான் எனக்கு விட்டார். உங்கள் காதைப் பற்றிக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள், அவர் என்ன திட்டு திட்டுகிறார் என்று பார்ப்போம். நாய் விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், காய்ச்சியது, காய்ச்சாதது, எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் நீங்கள் விடுவது நேராக நடுக்காதுக்குப் போகும். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, உள்ளே பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.

அப்படியானால் தலை ஆட்டுவது ஏன் நின்றது? எண்ணெய் வேலை செய்தது என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் சொல்வது இதைத்தான். விதை போன முதல் நாள் நாய் பித்துப் பிடித்த மாதிரி தலையை உதறும், தரையில் காதைத் தேய்க்கும், கத்தும். ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் அடங்கும். வலி போய்விட்டது என்று அர்த்தமில்லை, வலியோடு இருக்கப் பழகிக்கொண்டது. சில நாய்களில் உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையே கிழிந்துவிடும். கிழிந்ததும் அழுத்தம் குறையும், வலியும் குறையும், நாய் சாதுவாகிவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான் பயப்படுவது அந்த நிம்மதிக்குத்தான்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியதில் எனக்கு மிகவும் உதவுவது ஒன்று உண்டு. ஒரு காதா, இரண்டு காதா? நன்றாக இருந்த நாய் நடந்துவிட்டு வந்ததும் திடீரென்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அந்தக் காதை மட்டும் சொறிந்தால், எனக்கு முதல் சந்தேகம் விதை. உண்ணியும் இருக்கலாம், அதையும் பார்ப்போம். இரண்டு காதும் சிவந்து, மாதக்கணக்கில் வந்து வந்து போய், கூடவே பாதத்தையும் நக்கிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்கு வைத்தியம் வேறு, காலமும் வேறு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விதையைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு, நாலு வருடமாக இரண்டு காதும் நாறுகிற லாப்ரடாரைக் கூட்டிவந்து “விதைய எடுத்து விடுங்க” என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போன வருடம் மிச்சமான காது மருந்தை ஃப்ரிட்ஜ் கதவில் பத்திரமாக வைத்திருந்து, இப்போது எடுத்துக் காதில் விடாதீர்கள். சில சொட்டு மருந்துகளில் ஜென்டமைசின், நியோமைசின் வகை மருந்துகள் இருக்கும். செவிப்பறை கிழிந்த காதில் அவை இறங்கினால் கேட்கும் திறனையே கெடுக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய மனிதர்களுக்கான சொட்டு மருந்தும் அப்படியே. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து அழுக்கு வெளியே வருகிறது என்று மகிழ வேண்டாம், புண்ணான தோலுக்கு அது எரிச்சல். பட்ஸ் வைத்துக் குடைவது, துப்பாக்கிக்குள் மருந்து கெட்டிக்கிற மாதிரி, விதையை மூலைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். காது மடலின் வெளிமடிப்பைத் துடைக்கப் பஞ்சு போதும். விரல் போகும் ஆழத்துக்கு மேல் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

காது மடல் பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டால், தலையை உதறி உதறி உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். ஊசியால் குத்தி வடிக்க முயற்சி செய்யாதீர்கள். செய்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, வட்டம் சுற்றினாலோ, கண்மணி இப்படியும் அப்படியும் ஓடினாலோ, ஞாயிற்றுக்கிழமை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காதில் விதை வெளியே தெரிகிறதா, மடலின் முடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எடுத்துவிடுங்கள். பாதி உள்ளே போய்விட்டதா? இழுக்காதீர்கள், உடைந்தால் பாதி உள்ளே தங்கும். அன்றைக்கே கூட்டி வாருங்கள். அன்றைக்கே வந்தால், அடங்கி இருக்கிற நாயாக இருந்தால், ஓட்டோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே நீண்ட இடுக்கியால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். நாய் விடவில்லை என்றால் மயக்க மருந்து தேவைப்படும், அதனால் கிளம்பும் முன் தயவுசெய்து எதுவும் ஊட்டாதீர்கள். “ஆஸ்பத்திரிக்குப் போறதேன்னு நல்லா தயிர்சோறு போட்டுக் கூட்டிட்டு வந்தோம்” என்பதை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். வயிறு நிறைந்த நாய்க்கு மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும். வாய்க்கட்டும் கொண்டு வாருங்கள். எங்க நாய் கடிக்காது என்று சொல்லாதீர்கள், காது வலிக்கிற எந்த நாயும் கடிக்கும், வளர்த்தவரையே முதலில் கடிக்கும்.

எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா என்று கேட்கிறார்கள். புல் விதை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, அது கல்லோ ஊசியோ அல்ல. கால் விரலிடுக்கில் புகுந்த விதையைத் தேடுவது இதைவிடக் கொடுமை. விரல்களுக்கு நடுவே ஒரு கொப்புளம் வரும், உடையும், ஆறும், பத்து நாளில் கொஞ்சம் மேலே இன்னொரு கொப்புளம். விதை நடந்துகொண்டிருக்கும், நாம் பின்னாலேயே போய்க்கொண்டிருப்போம். மூக்கில் போனால் திடீரென்று நிற்காத தும்மல், சிலசமயம் ரத்தமும் வரும். கண்ணில் போனால் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நீர் வடிக்கும்.

இத்தனைக்கும் மாற்று என்ன? வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம். காதைத் தூக்கி உள்மடலைப் பாருங்கள், விரலிடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள், அக்குள், தொடையிடுக்கு. சீப்பு போட்டு வாருங்கள். மார்கழிக்கு முன்பே காதுத் துளையைச் சுற்றியும் விரல்களுக்கு நடுவிலும் முடியைக் கத்தரிக்கச் சொல்லுங்கள், ஸ்பேனியல், கோல்டன் ரிட்ரீவர், ஷிட்சு வைத்திருப்பவர்கள் கட்டாயம். நாட்டு நாய்க்கு முடி குறைவு, நிமிர்ந்த காதாக இருந்தால் விதை சிக்குவதும் குறைவுதான், ஆனால் அந்த ஏழில் ஒன்று சிப்பிப்பாறை. புல் காய்ந்து நிற்கும் இரண்டு மூன்று மாதம் காலி மனைப் பக்கம் போகாமல் தார் ரோட்டில் நடந்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? சொந்த மனை என்றால் விதை பிடிக்கும் முன்பே அறுத்துவிடுங்கள், பிடித்த பிறகு அறுத்தால் அத்தனையும் தரையில்தான் கொட்டும்.

செலவுக்குப் பயந்து எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நான் படித்த வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அவற்றின் மருத்துவமனைகளில் கட்டணம் குறைவு. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தூரமாக இருந்தால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதல் நாளே காட்டுங்கள். முதல் நாள் செலவுக்கும் பதினோராம் நாள் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, நேற்று அந்தம்மாவுக்கு பில் போடும்போது எனக்கே சங்கடமாக இருந்தது.

ஸ்பேனியலின் தலை இன்னும் லேசாக இடதுபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. செவிப்பறை மூட மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆகலாம், சீழ் நிற்கும்வரை வாராவாரம் காட்டச் சொல்லியிருக்கிறேன். எடுத்த இரண்டு விதைகளையும் டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தேன், வீட்டில் காட்டட்டும் என்று. இப்போதைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், காதில் நான் கொடுத்ததைத் தவிர ஒரு சொட்டும் போகக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: “நாத்தம் போறதுக்கு வெளிய மட்டும் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவிக்கலாங்களா டாக்டர்?”