கைக்கடிகாரம் ஏன் சுருக்குப்பைக்குள் போனது?

கோவைப் பக்கம் முதியோர் இல்லங்களில் 11 வருடமாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகள் சாப்பாடு எப்படி, டாக்டர் தினமும் வருவாரா என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே, "ரூமில் கேமரா இருக்கா? என் போனில் பார்க்க முடியுமா?" என்பதுதான். அந்த அறையில் தங்கப்போகிற அம்மாவோ அப்பாவோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வயதானவர்களுக்கு இந்த மாதிரிப் புதுக் கருவிகளெல்லாம் புரியாது, பிடிக்காது என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. எங்களிடம் 78 வயது அய்யா ஒருவர் தினமும் விடிந்ததும் போனிடம் தமிழிலேயே சொல்லி முருகன் பாட்டுப் போடச் செய்கிறார். பேரன் வீடியோ காலில் வருகிற நாளில் பாட்டிகள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னாலேயே தயாராகிவிடுவார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும்போது அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஓர் ஆத்தாவுக்கு மகன் வெளிநாட்டிலிருந்து ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்தார். விழுந்தால் தானே தகவல் அனுப்பும். மூன்றாம் நாள் அது கையில் இல்லை. தேடினால், அலமாரியில் சுருக்குப்பைக்குள், வெற்றிலை பாக்கோடு கிடந்தது.

"ஏனுங்க ஆத்தா, கழட்டிட்டீங்க?"

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சேன்னு அவன் போன்ல தெரியுதாமா கண்ணு. காத்தால கூப்பிட்டுக் கேக்கறான். பாத்ரூம் போனதையெல்லாம் பெத்த பையன்கிட்டச் சொல்லோணுமா?"

அந்த மகன் அக்கறையில்தான் கேட்டார். ஆனால் ஆத்தாவுக்கு அது கூச்சம். மகனிடம் பேசி, தூக்கக் கணக்கும் நடைக் கணக்கும் அவருக்குப் போகாதபடி மாற்றினோம். எது போகும், எது போகாது என்று ஆத்தாவிடம் திரையைக் காட்டிச் சொன்னேன். "விழுந்தா மட்டுந்தான் சொல்லுமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு கையை நீட்டினார். அப்புறம் கழற்றவில்லை. இந்த மாதிரி வாட்ச் எல்லா விழுதலையும் கண்டுபிடித்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிலிலிருந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். அதனால் பாத்ரூமில் கைப்பிடிக் கம்பியும் இரவு விளக்கும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று என்னை இன்றும் உறுத்துகிறது. ஓர் அம்மா இரவு 2 மணிக்குப் பாத்ரூமில் விழுந்தார். அழைப்புப் பொத்தான் கழுத்திலேயே தொங்கியது. அமுக்கவில்லை. 5 மணிக்கு நாங்கள் பார்க்கும் வரை தரையிலேயே கிடந்தார். ஏனம்மா என்று கேட்டால், "பாவம், அந்தப் பொண்ணு அப்பத்தான் கண் அசந்திருக்கும்" என்கிறார். நெடுநேரம் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்தால் படுக்கைப்புண் வரலாம். தசை சிதைந்து சிறுநீரகமே பாதிக்கப்படலாம். பொத்தானை அமுக்கத் தெரியாதவர் இல்லை அவர். கூப்பிட்டால் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கம்தான். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களை முதல் இரண்டு வாரம் சும்மாவே அமுக்கச் சொல்கிறோம். தண்ணீர் வேண்டுமா, அமுக்குங்கள். மணி என்ன என்று கேட்க வேண்டுமா, அமுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது சிரித்த முகத்தோடு போய் நிற்போம். கூப்பிட்டுப் பழகியவர்கள்தான் ஆபத்திலும் கூப்பிடுகிறார்கள்.

விரல் விஷயமும் உண்டு. வயதானால் தோல் வறண்டுவிடும். வறண்ட விரலைத் தொடுதிரை பல நேரம் உணர்வதில்லை. ஒரு தாத்தா அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் வரமாட்டேங்குது" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னேன், வேலை செய்தது. காது மந்தமாகும்போதும் மெல்லிய கீச்சுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். நிறையக் கருவிகள் அந்தச் சத்தத்தில்தான் எச்சரிக்கின்றன. வாங்கும் முன் அவர்கள் காதுக்குக் கேட்கிறதா என்று ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

சரி, கேமரா? படுக்கை அறையில் கூடாது என்பதே என் கருத்து. அங்கேதான் உடை மாற்றுகிறோம், டயப்பர் மாற்றுகிறோம். படம் எடுக்காமலே எழுந்ததைச் சொல்லும் படுக்கை விரிப்பு சென்சார் இருக்கிறது, கதவு சென்சார் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 சம்மதத்தைத் தரவுக்கு உரியவரிடம் கேட்கச் சொல்கிறது. சேர்க்கைப் படிவத்திலோ மகன் கையெழுத்துதான் இருக்கிறது. மறதி நோய் இருப்பவர்களுக்காகக் குடும்பம் முடிவெடுக்க வேண்டி வரலாம். அப்போதும் அவர்கள் முகம் சொல்லிவிடும், பாருங்கள். தன்னை மதிக்காமல் நடத்துகிறார்கள் என்று தோன்றும் முதியவர்கள் 14567 என்ற இலவச உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

போன மாதம் சேர வந்த ஓர் அம்மாவிடம், மகள் பேசி முடிக்கும் முன்பே, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கேமரா வேண்டாங்க. பக்கத்து ரூமில் பார்த்தேன், காலைக் கீழே வெச்சா கட்டிலுக்கு அடியில் லைட் எரியுது. அது எனக்கும் வேணும்." அன்று சாயந்திரமே மாட்டிக் கொடுத்தோம்.