நன்றாகச் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம்

சித்திரை பிறந்து புது ஃபேன் வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "நல்லாத்தான் சுத்துது, ஆனா காத்தே வரலை." அதே வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்து ஃபேன் ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டு, அடியில் இருக்கும் பேப்பரையெல்லாம் பறக்க விடும். கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் பழைய ஃபேன் சேர்க்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. காயலான் கடையில் எடைக்கு வந்து கிடப்பதைத் தூக்கி வந்து, காயில் கட்டி, பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்து ஓட்டிப் பார்ப்பவர்கள். அமெரிக்காவில் இவர்களைப் போன்றவர்களுக்குச் சங்கமே இருக்கிறது. நம் பக்கம் வைண்டிங் கடை பெஞ்சில் கூடுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், எந்த மாடல் காற்று நல்ல காற்று என்பதில்தான் போய் நிற்கும்.

என் கட்சி இது: வேகத்தைப் பார்த்து ஃபேனை மதிப்பிடக் கூடாது, கனத்தைப் பார்த்தும் கூடாது. ஒரு வாட் கரண்டுக்கு எவ்வளவு காற்றைக் கீழே இறக்குகிறது என்று பார்க்க வேண்டும். அது இறக்கையும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒன்று. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. ஆளில்லாத அறையில் ஓடினால், அது இழுக்கும் 75 வாட்டும் கடைசியில் வெப்பமாக அந்த அறைக்குள்ளேயே சேரும். குளிர்வது நம் தோல்தான். உடம்பை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை ஃபேன் தள்ளிக்கொண்டு போனால் வியர்வை ஆவியாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை லேசில் காயாது. வறண்ட ஊரில் மூன்றில் வைத்தால் போதுமான ஃபேனை இங்கே ஐந்தில் வைக்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் காற்று விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, மோட்டாருக்கு வருவோம். வைண்டிங் கடையில் சீலிங் ஃபேனைப் பிரித்துப் பார்த்தால், மற்ற மோட்டார்களுக்கு நேர்மாறாக இருக்கும். சாதாரண மோட்டாரில் கூடு நிற்கும், நடுத்தண்டு சுற்றும். இதில் தண்டும் அதன்மேல் கட்டிய காயிலும் அசையாமல் நிற்க, வெளிக்கூடுதான் இறக்கைகளோடு சுற்றுகிறது. கூட்டின் உள்பக்கம் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த வளையம் ஒன்று இருக்கும். அதன் பள்ளங்களில் அலுமினியத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். விரலால் தடவினால் சாய்ந்த கோடுகளாக அது தட்டுப்படும். இந்த அலுமினியத்துக்கு எந்த ஒயரும் போகாது. காயிலில் உண்டாகும் காந்தப்புலம் சுழலும்போது அலுமினியத்தில் தானாக மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்த மின்னோட்டத்தைப் புலம் இழுக்க, கூடு பின்னாலேயே ஓடுகிறது.

வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ் கரண்ட். அதை மட்டும் வைத்துச் சுழலும் புலத்தை உண்டாக்க முடியாது. அதற்காகத்தான் இரண்டாவது காயிலும் கண்டென்சரும். இரண்டாவது காயிலின் மின்னோட்டத்தைக் கண்டென்சர் சற்று முந்தி ஏற வைக்கிறது. முன்னும் பின்னுமாக வரும் இரண்டு இழுப்புகளும் சேர்ந்து புலத்தைச் சுழற்றுகின்றன. இப்போதைய ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் இந்த மதிப்பு குறையும், ஃபேனும் தளர்ந்து சுற்றும். ஆயுசு முடிந்துவிட்டது என்று நினைத்த ஃபேன் ஒரு கண்டென்சர் மாற்றியதும் எழுந்து ஓடுவதை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிப்பது காயிலின் துருவங்கள், அதாவது காயில் உண்டாக்கும் வடக்கு, தெற்குக் காந்த முனைகளின் எண்ணிக்கை. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில், 6,000 என்ற எண்ணைத் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் புலம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். 14 துருவம் என்றால் 428, 16 என்றால் 375, 18 என்றால் 333. கூடு இந்த வேகத்தை எட்டவே முடியாது. எட்டிவிட்டால் அலுமினியத்தில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவையும் போய்விடும். ஆகவே 16 துருவ ஃபேன் 330 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கூட்டுக்குள் வரும் ஆற்றலில் 12 சதவீதம் அந்த வேக வித்தியாசத்திலேயே சூடாகிப் போகிறது.

முதலில் சொன்ன புகாருக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. துருவத்தைக் குறைத்து, இறக்கையை ஒல்லியாக்கி, சாய்வையும் குறைத்துவிட்டால் சின்ன மோட்டாரே அதை விர்ரென்று சுற்றிவிடும். கடையில் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் காற்றைப் பிடித்துத் தள்ள இறக்கையில் பரப்பும் இல்லை, சாய்வும் இல்லை. தாத்தா காலத்து ஃபேனில் அகலமான இறக்கை, நல்ல சாய்வு, அதை இழுக்கத் தாராளமாகத் தாமிரமும் இரும்பும். அதனால் மெதுவாகச் சுற்றியே நிறையத் தள்ளுகிறது, கரண்டையும் கூடுதலாகக் குடிக்கிறது.

இறக்கையின் எல்லாப் பகுதியும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. 1200 மில்லிமீட்டர் ஃபேன் 330 சுற்றில் ஓடும்போது இறக்கை நுனி மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தஞ்சாவூர் திருச்சி சாலையில் பஸ் போகும் வேகம். நடுவை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது, காற்றைத் தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அகலமும் சாய்வும் சீராக உள்ள இறக்கையில் வெளிப்பாதியே எட்டில் ஏழு பங்கு வேலையைச் செய்கிறது என்று கணக்கு வரும். ஃபேனுக்கு நேர் அடியில் உட்கார்ந்தால் காற்று குறைவாக இருப்பதும் இதனால்தான். 1990களில் புளோரிடா சூரிய ஆற்றல் மைய ஆய்வாளர்கள், நடுவில் சாய்வு அதிகமாகவும் நுனியில் குறைவாகவும் முறுக்கிய இறக்கையை வடிவமைத்து, தட்டையான இறக்கையைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே காற்றை எடுத்துக் காட்டினார்கள். அப்புறம், இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பாகப் படியும் அழுக்கு காற்று வழுக்கிப் போவதைக் கெடுக்கும். துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ரெகுலேட்டர். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் 20 சதவீதம்தான் குறையும், ஆனால் இறக்கைக்குத் தேவைப்படும் சக்தி பாதியாகிவிடும். கேட்க லாபமாக இருக்கிறது. சுவரில் இருந்த பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் அந்த லாபத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்துவிடும். தொட்டால் கொதிக்கும். கண்டென்சர் வைத்த புது ரெகுலேட்டர் தன்னளவில் வீணாக்குவதில்லை. ஆனாலும் கூடு புலத்தைவிட மிகவும் பின்தங்கி ஓடுவதால் மோட்டாருக்குள்ளேயே ஆற்றல் போகிறது. புலத்தின் பாதி வேகத்தில் ஓடும் ஃபேனில், கூட்டுக்கு வரும் ஆற்றலில் பாதி வெறும் சூடுதான்.

பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த புது வகை ஃபேன், இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அலுமினியத்துக்குப் பதில் கூட்டின் உள்சுவரில் நிரந்தரக் காந்தங்களை ஒட்டியிருப்பார்கள். ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, வேண்டிய வேகத்தில் புலத்தைச் சுழற்றும். காந்தம் புலத்தோடு ஒட்டிக்கொண்டே ஓடுவதால் பின்தங்கல் இல்லை, அந்தச் சூடும் இல்லை. 75 வாட் வேலையை 30 வாட் சுமாருக்கு முடிக்கிறது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். இலவச யூனிட் போக மீதிக்குக் கட்டும் நமக்கு இது சின்ன விஷயமில்லை.

டெல்டாவில் இன்னொரு லாபமும் உண்டு. குறுவைக்கு நாற்று விடும் நாட்களில், ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை போர் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும். பிஎல்டிசி அல்லாத சாதாரண ஃபேனின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை 61 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஃபேன் சோர்ந்து சுற்றும். பிஎல்டிசி போர்டு உள்ளே வரும் வோல்டேஜைத் தானே சரிசெய்துகொள்வதால் அதே வேகத்தில் ஓடும். ஆனால் ஐப்பசி இடிமழையில் போர்டு அடிபட்டால், காயில் கட்டத் தெரிந்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. சேகரிப்பாளர்கள் இதைச் சொல்லும்போது நானும் ஒத்துக்கொள்கிறேன். பழைய ஃபேனைப் பிரிக்கலாம், கட்டலாம், திரும்ப மாட்டலாம். புதிய ஃபேன் செய்பவர்களும் போர்டைத் தனியாக மாற்றும்படி வைத்து, உதிரியைக் கடையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று. 220 கன மீட்டர் தள்ளும் ஃபேன், நீளம் அகலம் உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறையின் காற்று முழுவதையும் நிமிடத்துக்கு ஏழெட்டு முறை புரட்டிப்போடுகிறது. மற்றொன்று வாட். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து வருவதை வைத்துத்தான் நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு இந்த நட்சத்திர முத்திரை கட்டாயம். அது கட்டாயமானபோது, 1200 மில்லிமீட்டர் ஃபேனில் வகுத்தது 4 வந்தால் ஒரு நட்சத்திரம், 6ஐ எட்டினால் ஐந்து என்று வைத்திருந்தார்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். சீலிங்குக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு அடியாவது இல்லையென்றால் ஃபேனுக்கு மேலிருந்து இழுக்கக் காற்றே கிடைக்காது. உத்தரம் போட்ட பழைய கூடங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே டவுன் ராடு எனப்படும் தொங்கு குழாயை நீளமாகப் போட்டுக் காற்றை ஆள் உட்காரும் இடத்துக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

நாகை, பூம்புகார் போன்ற கடலோர வீடுகளுக்கு இரும்புத் தகட்டு இறக்கையைவிட அலுமினிய இறக்கை நல்லது. உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் பொரிந்துவிடும். ஒரு செட் இறக்கையை எடை பொருத்தித்தான் போட்டிருப்பார்கள், ஒன்று கெட்டால் வேறு ஃபேனிலிருந்து ஒன்றை எடுத்துப் போடக் கூடாது, ஃபேன் ஆடும். பழைய ஃபேன் வாங்கி மாட்டுகிறவர்கள் பெயின்ட் அடிப்பதற்கு முன் கொக்கியில் தொங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே உள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கும், போல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், போல்ட் கழலாமல் பிடிக்கும் பின் துருப்பிடித்திருக்கும். மூன்றையும் புதிதாக மாற்றுங்கள், உள் ஒயரையும் மாற்றுங்கள், எர்த் கொடுங்கள். காயில் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம்.