பழைய ஹாக்கி ஸ்டிக் வாங்கும் முன் டேப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்கு அடுத்தது ஹாக்கிதான். 1986-ல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்டாலும் எங்களுக்கு அது இன்னமும் நெல்லைச் சீமை. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பையன். அதன்பிறகு கரிசல்காட்டு ஊர்களில் ஸ்டிக் கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நல்ல காம்போசிட் ஸ்டிக், அதாவது மரத்துக்குப் பதில் கார்பன் மாதிரி இழைகளால் செய்தது, புதிதாக வாங்கக் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் முடியுமா? ஹாக்கி ஹாஸ்டல் அண்ணன்மார் ஆடிக் கழித்ததைத்தான் வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை. நானும் அப்படி வாங்கி ஆடியவன்தான்.

இப்போது போட்டிகளில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டிக்கைச் சோதிக்கிற வேலை எனக்கு. போன சீசனில் ஒரு காலை நேரம். ஒரு பையனின் ஸ்டிக்கை அளவு பார்க்கிற வளையத்துக்குள் விட்டேன். ஸ்டிக்கின் தலைக்கு, அதாவது பந்தை அடிக்கிற வளைந்த முனைக்கு, சற்று மேலே வந்ததும் சிக்கி நின்றுவிட்டது. டேப், டேப்புக்கு மேல் டேப், அதற்கு மேலும் டேப்.

“ஏல, இதைப் பிரிச்சுக் காட்டு.”

அவன் அப்பாவைப் பார்த்தான். “சார், மூவாயிரத்து ஐநூறு குடுத்து வாங்குனது” என்றார் அவர். மூன்றாவது சுற்று கழன்றதும் உள்ளே எம்சீல் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அடியில் கார்பன் இழை, ஈர்க்குச்சி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஓடி வருகிறவன் முழங்காலில் அது ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

விதி லேசானதுதான். டேப், பூச்சு எல்லாம் சேர்த்து முழு ஸ்டிக்கும் 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். நீளம் 105 சென்டிமீட்டருக்குள், எடை 737 கிராமுக்குள். இந்த இரண்டிலும் மாட்டியவரை நான் பார்த்ததில்லை, அதை விடுங்கள். டேப் சுற்றலாம், தடையில்லை. ஆனால் எங்கேயும் சொரசொரப்போ கூர்மையோ இருக்கக்கூடாது.

அப்புறம் வளைவு. ஆடுகிறவர்கள் இங்கிலீஷில் ‘போ’ (bow) என்பார்கள். ஸ்டிக்கின் நடுவில் ஒரு வில் மாதிரி வளைவு இருக்குமே, அதன் ஆழம் 25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உச்ச வளைவு தலையின் அடியிலிருந்து குறைந்தது 200 மில்லிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும். வளைவு கூடினால் ட்ராக் ஃபிளிக்கில், அதாவது பந்தை ஸ்டிக்கால் இழுத்து கோலுக்கு வீசும்போது, பந்து சீறிக்கொண்டு போகும். கட்டுப்பாடு இல்லாத காலத்தில் செய்த ஸ்டிக்குகள் இன்னும் சில பரண்களில் கிடக்கின்றன. கம்பெனிப் பெயரும் பளபளப்பும் அப்படியே இருக்கும், போட்டிக்கு மட்டும் ஆகாது.

இதற்கெல்லாம் கருவி தேடி அலையவேண்டாம். அடுப்படி கிரானைட் மேடையில் ஸ்டிக்கின் தட்டையான முகம் கீழே இருக்கும்படி வையுங்கள், அழுத்தாமல். பத்து ரூபாய் நாணயத்தை நட்டுக்குத்தலாக நிறுத்தி நடுவில் உருட்டுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அதுவே அடியில் உருண்டு போய்விட்டால் பேச்சே இல்லை, வாங்காதீர்கள். முட்டி நின்றால் மட்டும் ஸ்கேல் வைத்து 25-ஐச் சரிபாருங்கள்.

வளையத்துக்கு வளையல். வளையல் கடையில் ‘ரெண்டு’ சைஸ் கேளுங்கள். ரெண்டேகால், ரெண்டரை இல்லை, வெறும் ரெண்டு. உள்விட்டம் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். பித்தளையோ பிளாஸ்டிக்கோ போதும். கண்ணாடி வேண்டாம். என் பையில் இருப்பது பேத்திக்கு வாங்கி அவள் கைக்குப் பொருந்தாமல் போனது. அதில் நுழைகிற ஸ்டிக் எங்கள் மேஜை வளையத்திலும் நுழையும்.

விரிசலைக் கண்டுபிடிக்கக் காதுதான் வேண்டும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே கதை. பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு தலைப்பக்கம் ஒரு பந்தால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி. சொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ பிளவு இருக்கலாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஓரங்களில் தடவுங்கள். பஞ்சு மாட்டுகிற இடத்தில் கையும் மாட்டும்.

கோல்கீப்பர் காலில் கட்டுகிற பழைய பேட் (pad) வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலில் கட்டிக்கொண்ட நிலையில் ஒவ்வொன்றும் அகலம் 300 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஃபோம் நைந்து பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால் அளவு நாடா வைத்து அளந்துவிடுங்கள்.

“கடையில் வாங்கும்போதே விதிப்படி உள்ளதுதானே, சார்?” என்று பலர் கேட்கிறார்கள். வாங்கிய அன்றைக்கு ஆமாம். அதற்கப்புறம் எத்தனை பேர் கையில், எத்தனை தடவை உடைந்து ஒட்டப்பட்டது என்பது டேப்புக்கு அடியில்தான் இருக்கிறது. பிரித்துக் காட்டமாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள்.

அந்தப் பையன் அன்றைக்குக் கூட ஆடியவனின் ஸ்டிக்கைக் கடன் வாங்கி ஆடினான். அப்பா மறுவாரமே விற்றவரைத் தேடிப் போயிருக்கிறார். அவர் சொன்ன பதில்: “வெளாடத்தானய்யா குடுத்தேன். மேட்சுக்குன்னு நீரு சொல்லவே இல்லியே!”