‘கோப்பு காணப்படவில்லை’ என்று எழுதும் முன்

“சம்பந்தப்பட்ட கோப்பு அலுவலகப் பதிவறையில் காணப்படவில்லை.” இந்த வாரமும் இதே வரிதான். ஓய்வு பெற மூன்றே மாதம் இருக்கும் ஓர் உதவியாளரின் பணிவரன்முறை ஆணையை (அவர் பணியை முறைப்படுத்திய ஆணை) கேட்டதற்கு வந்த பதில் அது. பணிப்பதிவேட்டில் ஆணையின் எண், நாள் எல்லாம் இருக்கின்றன; பதிவுக்குக் கீழே அலுவலரின் கையொப்பம் மட்டும் இல்லை. அதனால் ஓய்வூதியக் கருத்துரு ஆட்சேபணையோடு திரும்பிவிட்டது. ஆணையின் நகல் கிடைத்தால் ஒரே நாளில் முடிகிற வேலை.

உடனே எல்லோரும் பதிவறை எழுத்தரைத்தான் பார்க்கிறார்கள். தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள். பதிவறைக்குள் வந்து சேர்ந்த கோப்பு அங்கே தொலைவது மிக அரிது. பெரும்பாலான கோப்புகள் பிரிவு மேசையில்தான் தொலைகின்றன: முடிவு செய்த அன்று, அல்லது பதிவு இல்லாமல் இன்னொருவர் கைக்குப் போன அன்று.

முடிவு வகையிலிருந்தே, அதாவது முடிந்த கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று போடும் குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது அதுதான். ஓராண்டு முடிவு, மூவாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு. மூத்தவர்கள் வாயில் இவையே, அதே வரிசையில், எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். பதில் அனுப்பியாயிற்றா, ‘மூ.மு.’ (மூவாண்டு முடிவு) என்று எழுதிக் கட்டு என்பது பல பிரிவுகளில் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ‘மூ.மு.’ என்பது வேலை முடிந்ததற்கான அடையாளம் அல்ல. “மூன்று ஆண்டு கழித்து இந்தத் தாள்களை அழித்துவிடலாம்” என்று நீங்கள் கையொப்பமிட்டுக் கொடுக்கும் அனுமதி அது. பதிவறை எழுத்தர் அந்த அனுமதியை நம்பித்தான் அழிப்புப் பட்டியல் தயாரிக்கிறார். அவர் ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் படித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அவர் வேலையும் அல்ல.

எந்த வகை என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கடிதத்தின் அளவோ, கோப்பு எத்தனை நாள் நடந்தது என்பதோ அல்ல. இந்தத் தாளை யார், எத்தனை ஆண்டு கழித்துக் கேட்பார் என்ற ஒரு கேள்வியே போதும். விடுமுறை நாள் குறித்த சுற்றறிக்கையை அடுத்த ஆண்டு யாரும் கேட்க மாட்டார்கள். பணிவரன்முறை, தகுதிகாண் பருவ நிறைவு, பிறந்த தேதி திருத்தம், முதுநிலை நிர்ணயம் இவற்றை முப்பது ஆண்டு கழித்துக் கேட்பார்கள். நில ஒப்படை, பட்டா மேல்முறையீட்டு ஆணை, நில எடுப்பு இழப்பீடு இவற்றைப் பேரப்பிள்ளைகள் வந்து கேட்பார்கள். ஒருவரின் உரிமையை நிலைநாட்டும் ஆணை அரைப் பக்கமே இருந்தாலும் நிரந்தர முடிவுதான். சந்தேகம் வந்தால் ஒரு படி மேலான வகையில் போடுங்கள். கூடுதலாக வைத்த கோப்பைப் பிறகு அழிக்கலாம். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

அடுத்தது ‘பொருள்’ வரி. “மனு அளித்தல் – தொடர்பாக” என்று தன்பதிவேட்டில் (எழுத்தர் தம்மிடம் வரும் தாள்களைப் பதியும் பதிவேடு) எழுதினால், அந்த ஆண்டில் வந்த அத்தனை மனுக்களும் அதே பெயரில்தான் கிடக்கும். தேடுகிறவருக்கு ந.க. எண் (கோப்பின் பதிவு எண்) தெரியாது, ஊர் தெரியும், பெயர் தெரியும், புல எண் தெரியும். அதனால் பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள்: “நிலம் – வட்டம் – கிராமம் – புல எண், உட்பிரிவு – தனிப்பட்டா கோரியது – ஆணை வெளியிடுதல் – தொடர்பாக.” ஊழியர் கோப்பென்றால் பணியமைப்பு, பதவி, பெயர், பொருண்மை. பதிய அரை நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

முடிவு செய்த கோப்பைக் கட்டும்போது செய்ய வேண்டியவை. குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் முள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துரு முதலில் தின்பது முள் குத்திய மூலையைத்தான். குறிப்புக் கோப்புக்கும் (அலுவலகக் குறிப்புகள்) நடப்புக் கோப்புக்கும் (வந்த, அனுப்பிய கடிதங்கள்) தனித்தனியாக, விடுபடாமல் பக்க எண் போடுங்கள். பக்க எண் இல்லாத கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினால் யாருக்கும் தெரியாது. வெப்பத்தாளில் வந்த ரசீது, ஃபேக்ஸ் இருந்தால் நகலெடுத்துச் சேருங்கள், சில ஆண்டுகளில் அது வெள்ளைத் தாளாகிவிடும். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து பழுப்பாகி எழுத்தையும் மறைக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மேலட்டையில் ந.க. எண், முடிவு வகை, முடிவு செய்த நாள், முன்கோப்பு (அதே பொருளில் முன்பு நடந்த கோப்பு) எண். முன்கோப்பைச் சேர்த்துக் கட்டியிருந்தால், அதன் பழைய இடத்தில் “இன்ன எண்ணுடன் இணைக்கப்பட்டது” என்று ஒரு சீட்டு. காணாமல் போனதாகச் சொல்லப்படும் கோப்புகளில் பல, இன்னொரு கோப்பின் வயிற்றுக்குள் பத்திரமாக இருக்கின்றன!

பதிவறையிலிருந்து வெளியே எடுக்கும் எந்தக் கோப்புக்கும் கோரிக்கைச் சீட்டு உண்டு. எண், பிரிவு, வாங்கியவர் கையொப்பம், நாள். அந்தச் சீட்டு கோப்பு இருந்த அதே இடத்தில் நிற்க வேண்டும். “ஐயா கேட்டார், அவசரம்” என்று வாய்மொழியாக எடுத்துப் போனால், ஐயா மாறுதலில் போகும்போது கோப்பு அவர் அறை பீரோவிலேயே தங்கிவிடும். அவசரம் என்றால் சீட்டை அலுவலரே எழுதலாமே. நீதிமன்றத்துக்கு, அரசு வழக்கறிஞருக்கு, தணிக்கைக்குப் போகும் கோப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். மூலத்தை அனுப்பும் முன் முழு நகல் எடுத்து வையுங்கள், ஒப்புகை வாங்குங்கள், வழக்கு முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். திரும்பக் கேட்பதைத்தான் யாரும் செய்வதில்லை.

அலமாரியைப் பற்றிச் சுருக்கமாக. சுவரிலிருந்து அரை அடி தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடி உயரத்தில். சுவரோடு ஒட்டினால் ஈரமும் கரையானும் நேராக ஏறும். கட்டு ஒரு சாணுக்கு மேல் தடிக்க வேண்டாம்.

“அதான் ஸ்கேன் பண்ணியாச்சே!” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஸ்கேன்001’ என்ற பெயரில், பாதிப் பக்கம் சாய்ந்து, பின்பக்கக் குறிப்புகள் விடுபட்டு, ஒரே ஒரு கணினியில் கிடப்பது ஆவணம் ஆகாது. கோப்பின் பெயரில் ந.க. எண்ணும் ஆண்டும் இருக்க வேண்டும். மூலத்தின் பக்க எண்ணிக்கையும் பிரதியின் பக்க எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை மூலக் கட்டைத் தொடாதீர்கள்.

அழிப்பதற்கும் ஒழுங்கு உண்டு. காலக்கெடு முடிந்தது மட்டும் போதாது. நிலுவை வழக்கு, தணிக்கைத் தடை (தணிக்கையில் எழுந்த ஆட்சேபணை), ஒழுங்கு நடவடிக்கை, தகவல் கோரும் மனு இந்த நான்கும் இல்லை என்று பிரிவுத் தலைவர் எழுத்தில் தர வேண்டும். பிறகு பட்டியல், அலுவலர் ஒப்புதல், அழிப்புப் பதிவேட்டில் பதிவு. அந்தப் பதிவேட்டை மட்டும் எக்காலத்திலும் அழிக்காதீர்கள். “அழிக்கப்பட்டது” என்று நிரூபிக்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வந்த பிறகும் ‘காணப்படவில்லை’ என்று எழுதித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைப்பது அதே சட்டத்தின் 4(1)(அ) பிரிவு சொல்லும் கடமை. கேட்கப்பட்ட தகவலை அழித்தால் பிரிவு 20-ன்படி பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம். ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலை, கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி மறுக்க முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்ததற்குப் பொறுப்பையும் நிர்ணயிக்க வேண்டும் என்று 2013-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே அந்த வரியை எழுதும் முன் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் அந்த ஆண்டின் தன்பதிவேடு: கோப்பு முடிவு செய்யப்பட்டதா, என்ன வகை, பதிவறை ஒப்புகை இருக்கிறதா? ஒப்புகை இல்லையென்றால் கோப்பு பிரிவை விட்டே போகவில்லை. பிரிவு பீரோக்களைத் திறங்கள். ஒப்புகை இருந்தால் கோரிக்கைச் சீட்டு, பிறகு அழிப்புப் பதிவேடு, பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளின் இணைப்புக் கோப்புகள். கடைசியாக, ஆணையின் நகல் யாருக்கெல்லாம் அனுப்பப்பட்டது என்று பாருங்கள். பணிவரன்முறை ஆணை என்றால் மேலலுவலகத்திலும், அதே ஆணையில் பெயர் வந்த மற்ற ஊழியர்களின் கோப்புகளிலும், அந்த ஊழியரின் வீட்டுப் பெட்டியிலும் கூட ஒரு நகல் இருக்கலாம். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூன்று மாதம்தான் இருக்கிறது அவருக்கு.