ஜட்ஜ் ஆக லண்டன் போக வேண்டுமா?

தம்புச் செட்டி தெருவில் உள்ள என் அறைக்குப் போன மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் சட்டப் படிப்பை முடித்துவிட்டாள். "வக்கீல் சார், ஜட்ஜம்மா ஆகணும்னா லண்டன் போய் பாரிஸ்டர் படிக்கணுமாமே? ஒருத்தரு சீட்டு வாங்கித் தரேன்னு மூணு லட்சம் கேக்குறாரு" என்றார். கையிலிருந்த மஞ்சள் பையில் நகை அடகு வைத்த ரசீது தெரிந்தது.

ஒரு பைசா கொடுக்காதீங்கம்மா என்றேன். ஆனால் அவர் நம்பியது ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. ஒரு காலத்தில் சட்டமே ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கியது. அதற்கு அடிப்படையான 1861-ம் ஆண்டுச் சட்டம் நீதிபதியாக நான்கு வழிகளை வைத்தது. பாரிஸ்டருக்கு, அதாவது லண்டன் போன்ற இடங்களில் படித்துத் தகுதி பெற்ற வக்கீலுக்கு, 5 ஆண்டு அனுபவம் போதும். இங்கேயே படித்துத் தொழில் செய்த வக்கீலுக்கோ 10 ஆண்டு. சிவில் சர்வீஸ் அதிகாரிக்கும், அதாவது பிரிட்டிஷ் அரசின் உயர் நிர்வாக அதிகாரிக்கும், 10 ஆண்டு. அதில் 3 ஆண்டு ஜில்லா நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், சட்டப் பட்டம் கேட்கவில்லை. நான்காவது, கீழ் நீதிமன்றங்களில் 5 ஆண்டு நீதிபதியாக இருந்தவர்கள்.

இதைவிடப் பெரிய தடை பங்கீட்டில் இருந்தது. தலைமை நீதிபதியையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்காவது பாரிஸ்டர்கள், இன்னொரு பங்காவது சிவில் சர்வீஸ்காரர்கள். அந்த சர்வீஸ் தேர்வும் 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்தது. அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு இடத்துக்கு வழி பெரும்பாலும் கப்பலேறிப் போவதுதான். தலைமை நீதிபதி பதவிக்குப் பாரிஸ்டராகவே இருக்க வேண்டும். திறமை எவ்வளவு இருந்தாலும் நம் ஊர் வக்கீல் மீதிப் பங்குக்குள்தான் நிற்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த மீதிப் பங்குக்குள் வந்தவர்தான் முத்துசாமி ஐயர். மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாகத் தொடங்கி, முன்சீப் (கீழ் நீதிமன்ற நீதிபதி), மாஜிஸ்திரேட், சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி என்று படிப்படியாக ஏறி, இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். அந்தப் பெண்ணிடம் அவருடைய பளிங்குச் சிலையைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

மூன்றில் ஒரு பங்குக் கணக்கை 1935-ம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பாரிஸ்டருக்கும் 10 ஆண்டு என்றாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 217-வது பிரிவு இன்னும் எளிமையாக்கியது: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், நீதித்துறைப் பதவியிலோ, உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். பாரிஸ்டர் என்ற சொல்லே அதில் இல்லை.

சரி, இன்று படித்து முடித்த பிள்ளை என்ன செய்ய வேண்டும்? முதலில் வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு. கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மூன்று லட்சம் எங்கே, இது எங்கே! அப்புறம் கீழ் நீதிமன்ற நீதிபதி வேலைக்கான சிவில் நீதிபதி தேர்வு. இதற்கு 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார் தேர்வு தேறும் முன்பே பார் கவுன்சில் தரும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். அதனால் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். தேர்வு அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். அனுபவச் சான்றிதழை அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி தர வேண்டும், அல்லது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து அந்த அதிகாரி மேலொப்பம் இட வேண்டும். ஆகவே ஒரு சீனியரிடம் சேர்ந்து ஒழுங்காக கோர்ட்டுக்குப் போங்கள், வழக்கு டைரி எழுதுங்கள்.

மாவட்ட நீதிபதிக்கு நேரடித் தேர்வு எழுத, வழக்கறிஞராகவோ, வழக்கறிஞராகவும் நீதித்துறை அதிகாரியாகவும் சேர்த்தோ 7 ஆண்டு அனுபவம் வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, "அப்போ இங்கேயே ஆகலாமா சார்?" என்று மறுபடி கேட்டார். ஆகலாம்மா என்றேன். ரசீதை மடித்துப் பையின் அடியில் வைத்தார். நகையை மீட்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராயபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். மகள் பதிவுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக்கொள்ள இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.