பென்யமீனின் முதல் பெயர்

பெஞ்சமின் என்று பெயர் வைக்கலாமா என்று பிரசவ வார்டில் சில பெற்றோர் கேட்பதுண்டு. தாராளமாக வைக்கலாம். 'வலது கையின் மகன்' என்று பொருள். ஆனால் பைபிளில் பென்யமீன் என்று வரும் இந்தப் பெயர், அந்தப் பிள்ளைக்கு வைத்த இரண்டாவது பெயர். மகப்பேறு மருத்துவராக எனக்கு முதல் பெயர்தான் முக்கியமாகப் படுகிறது.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில், பெத்லகேமுக்குப் போகும் வழியில் யாக்கோபின் மனைவி ராகேலுக்கு வலி கண்டது. கடுமையான பிரசவம். பயப்படாதே, இதுவும் மகன்தான் என்று மருத்துவச்சி தேற்றினாள். உயிர் பிரியும் நேரத்தில் ராகேல் பிள்ளைக்குப் 'பெனோனி', என் துக்கத்தின் மகன், என்று பெயரிட்டாள். யாக்கோபு அதைப் பென்யமீன் என்று மாற்றினார்.

எபிரேயத்தில் 'பென்' மகன், 'யாமீன்' வலது கை. கிழக்கே பார்த்துத் திசை சொல்லும் வழக்கத்தால் அது தெற்கையும் குறிக்கும். பெனோனியில் வரும் 'ஓன்' என்ற சொல்லுக்குத் துக்கம் தவிர வலிமை என்றும் பொருள் உண்டு. மூத்த மகன் ரூபனை யாக்கோபு 'என் முதற்பெலன்' என்று சொல்லும் இடத்தில் வருவது அந்தச் சொல்தான். தாய் சொன்னதையே தகப்பன் நல்ல பொருளில் எடுத்துக்கொண்டார் என்பது 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் நாக்மனிதேஸ் தந்த விளக்கம். தாயை அழித்துவிடாமல் பிள்ளையைக் காப்பாற்றுகிற விளக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்தது.

'அம்மாவை முழுங்கிட்டுப் பிறந்தது' என்று இன்றும் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். எந்தக் குழந்தையும் தாயைக் கொல்வதில்லை. கருப்பை சுருங்காமல் பெருகும் ரத்தப்போக்கு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கிருமித்தொற்று ஆகியவைதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கின்றன.

பெயரை மாற்றிய யாக்கோபுக்கும் பயம் போகவில்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க மற்ற பத்து மகன்களையும் எகிப்துக்கு அனுப்பியவர், பென்யமீனை மட்டும் அனுப்பவில்லை. ஆதியாகமம் முழுக்க பென்யமீன் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பிரசவத்தில் மனைவியை இழந்துவிட்டு, பிள்ளைக்குச் சளி பிடித்தாலே நடுங்கும் அப்பாக்களைப் பார்க்கும்போது யாக்கோபுதான் நினைவுக்கு வருவார். அவர்களுக்கும் மனநல ஆலோசனை தேவை.

அப்புறம், பிள்ளை அம்மாவைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். 'அம்மாவுக்கு ரத்தம் நிறையப் போயிடுச்சு, டாக்டர்களால நிறுத்த முடியல, நீ காரணமில்ல' என்று, என்ன நடந்ததோ அதை நேராகச் சொல்லுங்கள். பிறந்தநாளும் நினைவுநாளும் ஒன்றாக வருகிறதா? காலையில் கல்லறைக்குப் போய்விட்டு வாருங்கள். சாயங்காலம் கேக் வெட்டுங்கள்.